எல்டன் ரிங்: அழுத்தியும் உருளவில்லையா? கோளாறு வாரியாகப் பார்ப்போம்

எல்டன் ரிங் என்கிற வீடியோ கேமில் எதிரியின் அடிக்குத் தப்ப உருள வேண்டும். அதில் மாட்டிக்கொண்டவர்கள் சொல்கிற புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "பட்டனை அழுத்தினேனுங்க, உருளவே இல்லை." இந்த ஒரு புகாருக்குள் நாலைந்து வேறு வேறு கோளாறுகள் ஒட்டுக்கா ஒளிந்திருக்கும். கன்ட்ரோலரில் சிக்னல் விட்டுப்போயிருக்கலாம், டிவி தாமதமாகக் காட்டலாம், தூக்கமுடியாத கவசத்தை மாட்டியிருக்கலாம், விரலை எடுக்க மறந்திருக்கலாம். எது என்று தெரியாமல் லெவலை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் அதே இடத்தில் 20 லெவல் அதிகமாக வைத்துக்கொண்டு சாவோம், அவ்வளவுதான்.

அதனால் முதலில் ஒரு சின்னச் சோதனை. ஆட்டத்தின் தொடக்கத்தில் வருகிற எல்லே தேவாலயத்துக்குப் போங்க. அங்கே ஒரு வியாபாரி உட்கார்ந்திருப்பார், எதிரி கிடையாது. வியாபாரியை மட்டும் தப்பித்தவறி அடித்துவிடாதீங்க.

1. கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டுக் கையை எடுங்க. 30 வினாடி பாருங்க. ஆள் தானாக நகர்ந்தாலோ கேமரா மெல்லத் திரும்பினாலோ ஸ்டிக் கோளாறு.
2. இடது ஸ்டிக்கை முன்னால் தள்ளியபடி, உருளும் பட்டனை வினாடிக்கு ஒன்றாக 10 தடவை தட்டி எடுங்க. எக்ஸ்பாக்ஸ் வகையில் பி, பிளேஸ்டேஷனில் வட்டம், கீபோர்டில் ஸ்பேஸ். 10 உருளல் வந்தால் சரி. குறைந்தால் சிக்னல் எங்கேயோ தொலைகிறது. கூடினால் ஒரே அழுத்தம் இரண்டாகப் போகிறது.
3. அதே சோதனையில் விரலுக்கும் திரைக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா என்று கவனிங்க.
4. ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து, சுமை எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்க: லைட், மீடியம், ஹெவி.

நான்கும் சுத்தமாக இருந்தால் கருவியில் தப்பில்லை. நேராக "மார்கிட்" பகுதிக்குப் போய்விடலாம்.

"அழுத்தினேன், உருளவில்லை. உருண்டாலும் லேட்"

இதுதான் அதிகம் பேர் அறியாத விசயம். இந்த ஆட்டத்தில் ஓடுவதும் உருளுவதும் ஒரே பட்டன். பிடித்தே இருந்தால் ஓட்டம், தட்டிவிட்டால் உருளல். நீங்கள் ஓடப்போகிறீர்களா உருளப்போகிறீர்களா என்று ஆட்டத்துக்கு எப்படித் தெரியும்? நீங்கள் விரலை எடுக்கும்வரை அது காத்திருக்கும். ஆக உருளல் நடப்பது அழுத்தின நொடியில் அல்ல, விட்ட நொடியில். பயத்தில் பட்டனை அமுக்கிப் பிடிக்கிறவருக்கு உருளல் தாமதமாக வரும். இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தால் உருளலே வராது, ஆள் ரெண்டு எட்டு ஓடுவான், அடி வாங்குவான்.

பழகுவதற்கு வழி: சூடான தோசைக்கல்லைத் தொட்டுப் பார்ப்பது போலத் தட்டுங்க. தொட்டதும் விரல் மேலே வந்துவிட வேண்டும். எதிரியே இல்லாத இடத்தில் 5 நிமிடம் இதை மட்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

ஸ்டிக்கை எந்தப் பக்கமும் தள்ளாமல் தட்டினால் உருள மாட்டான், பின்னால் ஒரு எட்டு மட்டும் குதிப்பான். பெரிய எதிரியின் வீச்சு அந்த ஒரு எட்டைத் தாண்டித்தான் வரும். ஆகவே திசை முதலில், பட்டன் பிறகு.

பச்சைக் கோடு, அதாவது ஸ்டாமினா என்கிற தெம்பு, தீர்ந்திருந்தாலும் உருள முடியாது. நான்கு அடி அடித்துவிட்டுக் கோட்டைக் காலி பண்ணினால் ஐந்தாவது நொடியில் தப்பிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. ஒரு உருளலுக்கு வேண்டியதை எப்போதும் கையில் வைத்துக்கொண்டு அடிங்க.

இன்னொன்று, பட்டன்கள் வரிசையில் நிற்கும். ஓர் அசைவு முடிவதற்குள் அடுத்ததை அழுத்தினால் ஆட்டம் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, முதலாவது முடிந்ததும் செய்யும். அடிக்கும் பட்டனைப் படபடவென்று மூன்று முறை அமுக்கினீர்கள், இரண்டாவது அடியிலேயே எதிரி கையை ஓங்கிவிட்டான் என்று வையுங்க. நீங்கள் உருள நினைக்கிற நேரத்தில் ஆள் வரிசையில் நிற்கிற மூன்றாவது அடியை வீசிக்கொண்டிருப்பான். "சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்கிறான்" என்ற புகாரில் பாதி இதுதான். ஓர் அழுத்தம், ஓர் அசைவு. அது முடிவதைக் கண்ணால் பார்த்தபிறகு அடுத்தது.

"கீபோர்டில் குறுக்கே உருள வரவில்லை"

நேராக உருளுகிறான், பக்கவாட்டில் உருளுகிறான், குறுக்காக மட்டும் வராது. இது விலை குறைந்த கீபோர்டுகளின் குணம். குறிப்பிட்ட மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவதை அது அனுப்பாது. டபிள்யூ, ஏ, ஸ்பேஸ் மூன்றும் சேர்ந்தால் ஸ்பேஸ் தொலையலாம். நோட்பேடைத் திறந்து டபிள்யூ, ஏ இரண்டையும் பிடித்தபடி ஸ்பேஸைத் தட்டிப் பாருங்க. இடைவெளி விழவில்லை என்றால் உறுதி. உருளலை மவுஸின் பக்கவாட்டுப் பட்டனுக்கு மாற்றுவது காசில்லாத தீர்வு, மவுஸ் தனி ஒயரில் போவதால் மோதல் வராது.

கீபோர்டுக்காரர்களுக்கு இன்னும் இரண்டு கண்ணிகள் உண்டு. பலத்த அடி என்பது ஷிஃப்ட்டும் இடது கிளிக்கும். சண்டைச் சூட்டில் ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் விண்டோஸ் "ஸ்டிக்கி கீஸ் வேணுமா" என்று நடுவே வந்து கேட்கும், ஆட்டம் பின்னால் போய்விடும். அமைப்புகளில் அக்சஸிபிலிட்டி, கீபோர்டு போய் ஸ்டிக்கி கீஸின் குறுக்குவழியை அணைத்துவிடுங்க.

அடுத்தது தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு மட்டும் வருவது. மெதுவாக நடக்க ஆல்ட், பலத்த அடிக்கு ஷிஃப்ட். இரண்டும் சேர்ந்து விழுந்தால் விண்டோஸில் மொழி மாறிவிடும். நம் கணினியில் ஆங்கிலமும் தமிழும் இரண்டும் இருக்கும், ஒரு மொழி மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தச் சிக்கலே தெரியாது. டைப்பிங் அமைப்பில் மொழி மாற்றும் குறுக்குவழியை "எதுவும் வேண்டாம்" என்று வையுங்க. தனியாகத் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பின்னணியில் ஓடினால் ஆட்டத்துக்கு முன் அதை மூடிவிடுவது நல்லது.

"உருளுகிறான், ஆனால் மூட்டை மாதிரி விழுகிறான்"

சுமைக் கணக்கு. உங்கள் ஆள் தூக்கக்கூடிய மொத்த எடையில் 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் லைட், உருளல் நீளமாகப் போகும். 30 முதல் 70-க்குள் மீடியம். 70-ஐத் தொட்டதும் ஹெவி. 100-ஐத் தாண்டினால் உருளவே முடியாது. ஹெவியில் உருண்டால் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் முதுகில் மூட்டையோடு குனிந்தவர் நிமிருகிற மாதிரிதான் எழுந்திருப்பான். அதற்குள் அடுத்த அடி வந்து சேரும்.

செய்ய வேண்டியது: கவசங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மீடியம் என்று மாறுகிற இடத்தில் நிறுத்துங்க. முதலில் கையில் எடுக்காமல் சும்மா மாட்டி வைத்திருக்கிற இரண்டாவது, மூன்றாவது ஆயுதங்களைக் கழற்றுங்க. அவற்றின் எடையும் கணக்கில் சேரும், பலர் இதைக் கவனிப்பதில்லை. அதற்குப் பிறகும் ஆசைப்பட்ட கவசம் போட வேண்டுமென்றால் என்டூரன்ஸில் புள்ளி போடுங்க, சுமையும் கூடும், பச்சைக் கோடும் கூடும். தொடக்கத்தில் லைட் வரை இறங்கத் தேவையில்லை. மீடியம் போதும்.

"மானிட்டரில் ஜெயிக்கிறேன், ஹாலில் டிவியில் தோற்கிறேன்"

டிவிகள் படத்தை அழகுபடுத்திக் காட்டும், அதற்கு நேரம் எடுக்கும். ஆட்டம் வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிவினாடி. டிவி 100 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால் நீங்கள் பார்ப்பது 6 ஃபிரேமுக்கு முந்தைய சண்டை.

டிவியின் படவகை அமைப்பில் கேம் மோடு போடுங்க. சில டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ வாயிலின் பெயரை "பிசி" என்று மாற்றினாலும் அதே பலன். அசைவை வழவழப்பாக்கும் வசதி தனியாக இருந்தால் அதையும் அணைங்க. மாறியதா என்று தெரிந்துகொள்ள கைபேசியின் 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் விரலையும் திரையையும் ஒரே சட்டத்தில் எடுங்க. விரல் மேலே வந்த ஃபிரேமிலிருந்து ஆள் அசைகிற ஃபிரேம்வரை எண்ணி நான்கால் பெருக்கினால் ஏறக்குறைய மில்லிவினாடி. ஆட்டத்துக்கே உரிய தாமதமும் இதில் சேர்ந்திருக்கும், அதனால் எண்ணை விட, கேம் மோடுக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க.

ஒயர் இல்லாத கன்ட்ரோலரில் சில அழுத்தங்கள் மட்டும் தொலைந்தால், டாங்கிள் (சிக்னலை வாங்கக் கணினியில் செருகும் துண்டு) எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்க. நீல யூஎஸ்பி 3 வாயில்களில் டிரைவ் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழும், பக்கத்து டாங்கிள் திணறும். ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்சி ஒயரில் டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்தால் தீர்ந்தது. ஒயர் போட்டு ஒரு தடவை ஆடிப் பார்த்தால் குற்றவாளி யார் என்று உடனே தெரிந்துவிடும்.

"தானாக நடக்கிறான். லாக் பண்ணினது தானாக வேறு ஆளுக்குத் தாவுகிறது"

முதல் பாதி இடது ஸ்டிக், இரண்டாவது பாதி வலது ஸ்டிக். எதிரியை லாக் செய்தபின் வலது ஸ்டிக்கைச் சுண்டினால் குறி அடுத்த எதிரிக்கு மாறும். ஸ்டிக் தானாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சுண்டாமலே மாறும். இரண்டு நாய், ஒரு வீரன் என்று கூட்டமாக வருகிற இடத்தில் இது உயிரை எடுக்கும்.

திருப்பூர், சோமனூர், பல்லடம் பக்கம் இதற்கென்றே ஒரு காரணம் இருக்கிறது: பஞ்சு. பனியன் கம்பெனி, விசைத்தறி ஓடுகிற தெருவில் வீட்டுக்குள் வருகிற தூசி வெறும் மண் இல்லை, நூல் துகள். ஸ்டிக்கை ஒரு பக்கம் முழுக்கச் சாய்த்து, கைபேசி டார்ச்சை அடித்து அடித்தண்டைப் பாருங்க. வெள்ளையாகவோ, அந்த வாரம் தெருவில் ஓடின நூலின் நிறத்திலோ ஒரு மெல்லிய வளையம் தண்டைச் சுற்றியிருக்கும். விரல் எண்ணெயில் ஊறி அது திரியாகி, ஸ்டிக் நடுவுக்குத் திரும்பவிடாமல் பிடிக்கும்.

1. கன்ட்ரோலரை அணையுங்க. பேட்டரி வகை என்றால் பேட்டரியைக் கழற்றுங்க.
2. ஊசி வேண்டாம், ரப்பர் கிழியும். நுனி மெல்லிய பிளாஸ்டிக் இடுக்கியால் வளையத்தைப் பிடித்து, ஸ்டிக்கைச் சுற்றியபடி இழுத்தெடுங்க.
3. செல்போன் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும் சுத்தமான ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை, பஞ்சுக்குச்சியில் நனைத்துத் தண்டைச் சுற்றித் துடையுங்க. ஒழுகுகிற அளவு வேண்டாம். கையில் தேய்க்கிற சானிடைசர் கூடவே கூடாது, அதில் உள்ள பசை காய்ந்து இன்னும் ஒட்டும்.
4. ஸ்டிக்கை 20 சுற்று முழு வட்டமாகச் சுழற்றி, 15 நிமிடம் காயவிட்டு முதல் சோதனையைத் திரும்பச் செய்யுங்க.

இதற்கும் போகவில்லை என்றால் உள்ளே தேய்மானம். ஸ்டிக்கின் நிலையைச் சொல்வது ஒரு கார்பன் பாதைமேல் உரசுகிற தொடுமுனை. அது தேய்ந்தால் துடைத்துப் பயனில்லை. ஸ்டீமில் விளையாடுகிறவர்கள் கன்ட்ரோலர் அமைப்பில் டெட் ஸோனை (ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத எல்லையை) கூட்டிக் கொஞ்சநாள் ஓட்டலாம். 10 சதவீதத்தில் தொடங்கி, நடுக்கம் நிற்கிற இடத்தில் நிறுத்துங்க. ரொம்ப ஏற்றினால் மெதுவாக நடக்க வராது. நிரந்தரத் தீர்வு ஸ்டிக் பகுதியை மாற்றுவது. 14 பற்றவைப்புப் புள்ளிகள் இருக்கும், சாலிடரிங் பழக்கம் இல்லாதவர் கை வைக்க வேண்டாம். மாற்றுகிறபோது காந்தத்தால் இயங்குகிற ஹால் எஃபெக்ட் வகையைக் கேட்டு வாங்குங்க, அதில் உரசுகிற பாகம் இல்லை.

"ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை போகிறது"

பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரைக் கணினியில் மாட்டுகிறவர்களுக்கு வருவது. மொழிபெயர்க்கிற மென்பொருள் ஒன்று ஓடும், ஸ்டீமும் தன் பங்குக்கு மொழிபெயர்க்கும். ஆட்டத்துக்கு இரண்டு கன்ட்ரோலர் தெரியும். இரண்டில் ஒன்றை நிறுத்துங்க. ஸ்டீமில் ஆட்டத்தின் பெயர்மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கன்ட்ரோலர். திரையில் எக்ஸ்பாக்ஸ் எழுத்துகளே வருகிறதே என்று பதற வேண்டாம், கணினிப் பதிப்பு அப்படித்தான். பி என்றால் வட்டம், ஒய் என்றால் முக்கோணம் என்று மனதில் போட்டுக்கொள்ளுங்க.

விலை குறைந்த கன்ட்ரோலரை ஆட்டம் கண்டுகொள்ளவே இல்லை என்றால் முதுகில் எக்ஸ், டி என்று ஒரு சுவிட்ச் இருக்கும். எக்ஸ் பக்கம் தள்ளுங்க.

"நன்றாகத்தான் ஓடுகிறது, அரைமணி கழித்துத் திக்குகிறது"

பங்குனி, சித்திரையில் லேப்டாப்காரர்கள் எல்லாரும் சொல்வது. சூடு ஏறினதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஃபிரேம் விழும், உருளல் தப்பும். இந்த ஆட்டத்துக்கு நிறுவனம் சொன்ன குறைந்தபட்சமே 12 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 3 ஜிபி. அதற்குக் கீழே வைத்துக்கொண்டு சண்டை கடினம் என்று சொல்வதில் நியாயமில்லை.

லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்துங்க, காற்றுத்துளையில் அடைந்த பஞ்சை எடுங்க. நிழல், புல் இரண்டையும் குறைங்க. அதற்கும் 60 நிற்கவில்லை என்றால், கிராஃபிக்ஸ் டிரைவரில் 30-க்குப் பூட்டிவிடுங்க. 60-க்கும் 40-க்கும் நடுவே தாவுகிற படத்தைவிட அசையாத 30-இல் கை சீக்கிரம் பழகும். பிளேஸ்டேஷன் 5-இல் 60 நிலையாக வேண்டுமென்றால் பிளேஸ்டேஷன் 4 பதிப்பை இறக்கி ஆடுங்க.

"ஆயுதத்தின் சிறப்பு வித்தை வரவில்லை, கேடயம்தான் ஆடுகிறது"

எல்2 அழுத்தினால் இடதுகைக் கேடயத்தின் வித்தைக்குத்தான் முதல் உரிமை. பல கேடயங்களில் பேரி என்கிற தட்டிவிடும் வித்தை பதிந்திருக்கும். வித்தையே இல்லாத கேடயம் என்றால் வலதுகை ஆயுதத்தின் வித்தை வரும். இல்லாவிட்டால் ஆயுதத்தை இரண்டு கையால் பிடியுங்க: முக்கோணத்தைப் பிடித்தபடி ஆர்1. இரண்டு கையால் பிடித்தால் பலம் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும் என்பது கூடுதல் லாபம். ஆயுதத்தின் படத்தில் சிவப்புக் குறுக்குக்கோடு தெரிந்தால் அதற்கு வேண்டிய தகுதி உங்களிடம் இல்லை, அடி சுருங்கிப்போகும். பலம் மட்டும் குறைவு என்றால் இரண்டு கைப் பிடியே அதைச் சரிசெய்துவிடலாம்.

"குடிக்கப்போனால் கையில் வேறு ஏதோ வருகிறது"

விரைவு வரிசையில் பத்துப் பொருளை அடுக்கி வைத்தால் அவசரத்தில் இப்படித்தான். சிவப்புக் குடுவையை முதல் இடத்தில் வையுங்க. கீழ் அம்புக்குறிப் பட்டனைத் தட்டாமல் கொஞ்சநேரம் பிடித்தால், எங்கே நின்றாலும் முதல் இடத்துக்குத் திரும்பும். குதிரை, மந்திரக் குடுவை மாதிரி மற்றதை எல்லாம் பவுச்சில் போடுங்க. முக்கோணத்தைப் பிடித்தபடி அம்புக்குறி அழுத்தினால் பவுச்சின் முதல் நான்கு பொருளும் நேராக வரும்.

மெனுவைத் திறந்தால் ஆட்டம் நிற்காது, அது தெரிந்திருக்கட்டும்.

மார்கிட்: "அவன் அடி என்றைக்கு விழும் என்றே தெரியவில்லை"

கருவியெல்லாம் சரியாக இருந்தும் அடி விழுகிறது என்றால் பெரும்பாலும் இந்த ஆளிடம்தான். ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் தடியோடு நிற்பான். சிலம்பம் பார்த்தவர்களுக்கு இவன் தந்திரம் புரியும்: கம்பைத் தூக்குவது ஒரு கணக்கு, இறக்குவது வேறு கணக்கு. எதிராளி தூக்கலைப் பார்த்து அசைந்தால் அடி விழும்.

அந்த மேல்வீச்சை மட்டும் நிதானமாகப் பாருங்க. தடியைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோகிறான். உங்கள் விரல் இங்கேயே துடிக்கும், பட்டனை அழுத்தாதீங்க. தடி உச்சியில் நிற்கிறது, சில நேரம் ஒரு முழு மூச்சு நீளத்துக்கு. பிறகு தோள் இறங்குகிறது, தடி முன்னால் வருகிறது. இப்போதுதான் தட்டல், அதுவும் அவனை நோக்கிக் குறுக்காக. பின்பக்கம் உருண்டால் தடியின் நீளத்துக்குள்ளேதான் எழுவீர்கள். அவனை ஒட்டி உருண்டால் அவன் முதுகுப் பக்கம் எழுவீர்கள், ஒன்றிரண்டு அடி இலவசம். மூன்றாவதுக்கு ஆசைப்பட்டால் வாலைச் சுழற்றுவான்.

பழக ஒரு முறை: முதல் ஐந்து சண்டையில் அவனை அடிக்கவே அடிக்காதீங்க. உருளுவது மட்டும். 2 நிமிடம் உயிரோடு நின்றால் அடுத்த கட்டத்துக்குத் தயார். இது சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இதைவிடக் குறுக்குவழி இல்லை.

தூரத்தில் நின்று குடித்தால் கத்தி வீசுவான். ஒரு பெரிய வீச்சு முடிந்து அவன் நிமிருகிற நேரத்தில் குடியுங்க. உயிர் குறைந்தபின் ஒளிச் சுத்தியலை எடுத்துத் துள்ளுவான், அதை மட்டும் தூரம் ஓடித் தப்பிக்கலாம்.

கேடயக்காரர்களுக்கு வேறு வழி. உடலடியை 100 சதவீதம் தடுக்கும் கேடயம் என்றால், தடுத்த மறுகணமே ஆர்2. கார்டு கவுன்ட்டர் என்கிற அந்தப் பதிலடி அவன் நிலையைக் குலைக்கும். தாவி அடிப்பதும், பிடித்து வைத்து விடுகிற பலத்த அடியும் அதே வேலையைச் செய்யும். முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டால் எதிரே போய் ஆர்1, பெரிய அடி.

இவனிடம் போகும்முன் சரிபார்க்க வேண்டியவை:

ஆயுதம் +3-ஆவது இருக்கட்டும். அதை ஏற்ற, முதல் தர ஸ்மிதிங் கல் 2, 4, 6 என்று மொத்தம் 12 வேண்டும். தொடக்கப் பகுதியான லிம்கிரேவின் சுரங்கத்தில் சுவரிலேயே ஒட்டியிருக்கும், எல்லே தேவாலயத்துப் பட்டறையிலேயே +3 வரை போடலாம்.

உயிர்க்குடுவை: மரிகாவின் மூன்றாம் தேவாலயத்தில் புனிதக் கண்ணீர் ஒன்று, அது குடுவையின் வீரியத்தைக் கூட்டும். ஒளிரும் சின்னக் கன்றின் அடியில் கிடைக்கும் தங்க விதைகள் எண்ணிக்கையைக் கூட்டும்.

துணை: குதிரை கிடைத்தபிறகு எல்லே தேவாலயத்துக்குத் திரும்பிப் போனால், ரென்னா என்பவள் மணியும், மூன்று ஓநாய்களை அழைக்கிற சாம்பலும் தருவாள். ஓநாய்களை அழைக்க நீலக் கோட்டில் (மந்திர சக்தி) 55 புள்ளி வேண்டும், போதாமல் போனால்தான் "மணி அடிக்குது, ஒன்றும் வரலை" என்கிற புகார் வரும். அவற்றை அவன் துரத்துகிற நேரம் உங்களுடையது.

இவ்வளவு செய்தும் முடியவில்லை என்றால் தெற்கே வீப்பிங் பெனின்சுலாவுக்குப் போய்விட்டு வாங்க. கோட்டையைச் சுற்றிக்கொண்டு அடுத்த பகுதியான லியூர்னியாவுக்குப் போகவும் பாதை உண்டு. மார்கிட்டைக் கொல்லாமல் ஆட்டத்தைத் தொடர முடியும். தொடக்கத்தில் குதிரைமேல் திரிகிற தங்கக் கவசக்காரனுக்கும் இதே பேச்சுதான். முட்ட வருகிற காங்கேயம் காளைக்கு எதிரே யாராவது போய் நிற்பார்களா? ஒதுங்கிப் போங்க, குதிரை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

"ஒரே அடியில் சாகிறேன்"

உயிரின் அளவைத் தீர்மானிக்கும் விகரைப் பாருங்க. பலத்திலும் மந்திரத்திலும் புள்ளி கொட்டிவிட்டு விகரை 12-இல் வைத்திருப்பார்கள். விகர் 25-இல் உயிர் 800. 40-இல் 1,450. 60-இல் 1,900. 25-இலிருந்து 40 வரை ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் பலன்தான் அதிகம், 60-க்கு மேல் போடுவது வீண். நம் சிபாரிசு: லியூர்னியாவை முடிப்பதற்குள் 30, தலைநகருக்குள் நுழையும்போது 40.

அடிக்கிற அடி கொசுக்கடி மாதிரி இருந்தால் லெவலைவிட ஆயுதத்தை ஏற்றுங்க. சாதாரண ஆயுதம் +25 வரை, சோம்பர் கல்லால் ஏற்றும் சிறப்பு ஆயுதம் +10 வரை. +3-க்கு மேல் ஏற்ற, ரவுண்ட்டேபிள் ஹோல்டில் இருக்கும் ஹியூக் என்கிற கொல்லனிடம் போங்க.

"லெவல் 150. கூடுதல் கதையில் போனதும் நாய்கூடக் கொல்கிறது"

2024 ஜூனில் வந்த நிழல் நாட்டுக் கதையில் உங்கள் லெவல் மட்டும் பெரிதாக உதவாது. அங்கே ஸ்கேடுட்ரீ துண்டுகள் என்று தனியாகக் கிடக்கும். அவற்றைச் சேர்த்து கிரேஸ் என்கிற ஓய்விடத்தில் உட்கார்ந்து ஆசி ஏற்றினால்தான் நீங்கள் கொடுக்கும் அடி கூடும், வாங்கும் அடி குறையும். 20 நிலை உண்டு. முதல் பெரிய எதிரியிடம் முட்டுவதற்கு முன் வரைபடத்தில் தெரியும் சிலுவைகளை ஒரு சுற்றுச் சுற்றி வாங்க, பெரும்பாலானவற்றின் அடியில் ஒன்று இருக்கும்.

"கரண்ட் போச்சு, சேவ் ஃபைல் திறக்கவில்லை"

ஆட்டம் அடிக்கடி தானாகவே சேமிக்கும். அந்த நொடியில் கரண்ட் போனால் கோப்பு கெடலாம். கணினியில் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் எல்டன்ரிங் என்ற கோப்புறையில் ஒரு நீள எண் பெயரில் கோப்புறை இருக்கும். அதற்குள் இஆர்0000 என்று ஒரே பெயரில் இரண்டு கோப்பு: ஒன்று எஸ்எல்2 என்று முடியும், அதுதான் சேவ். மற்றதன் கடைசியில் கூடுதலாக பேக் என்று இருக்கும், அது ஆட்டமே எடுத்து வைக்கும் நகல்.

கெட்டுப்போனால் முதலில் ஸ்டீமின் கிளவுட் சேமிப்பை நிறுத்துங்க, இல்லாவிட்டால் கெட்டதையே திரும்ப இறக்கிவிடலாம். இரண்டு கோப்பையும் வேறொரு இடத்தில் நகல் எடுங்க. கெட்ட எஸ்எல்2 கோப்பை அங்கிருந்து நீக்கி, பேக் கோப்பின் பெயரிலிருந்து கடைசி ஒட்டை மட்டும் எடுத்துவிடுங்க. ஆட்டத்தைத் திறங்க. பெரும்பாலும் சில நிமிடத்துக்கு முந்தைய இடத்தில் ஆள் நிற்பான்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று பேப்பரில் போட்டிருக்கிற நாளுக்கு முந்தைய இரவே அந்தக் கோப்புறையை ஒரு பென்டிரைவில் போட்டு வைங்க. கன்சோலில் ஆடுகிறவர்கள் அன்று காலை 9 மணிக்கு முன் மெனுவில் சிஸ்டம் போய், க்விட் கேம் கொடுத்து முறையாக வெளியேறி, பெட்டியை முழுசாக அணைத்துவிடுங்க. ரெஸ்ட் மோடில் விட்டால் கரண்ட் போகும்போது அதுவும் ஓடிக்கொண்டிருக்கிற பெட்டிதான்.